புது வீட்டு விளக்கும் சங்கத்தின் கடமையும்

கூட்டுறவு இயக்கத்தின் பிறப்பிடம் என்று உலகம் போற்றும் ராக்டேல் நகரத்தில், 1844-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ஆம் நாள் மாலை, 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுள் பலர் நெசவாளர். காசு காசாகச் சேர்த்த பணத்தில் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் வாங்கி வைத்திருந்தனர். வாடகைக்குப் பிடித்த அக்கட்டடத்துக்கு விளக்கு வேண்டுமே! எரிவாயு விளக்கு அந்நகரில் அப்போதே வழக்கத்துக்கு வந்திருந்தது. ஆனால் எரிவாயுக் கம்பெனியார் இந்த ஏழைகளுக்கு இணைப்புக் கொடுக்க மறுத்துவிட்டனர். நெசவாளர்கள் மனம் தளரவில்லை. மெழுகுவத்திகளை ஏற்றிவைத்துக்கொண்டு வியாபாரத்தைத் தொடங்கினர். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் கூட்டுறவின் முதல் வெளிச்சம் அந்த மெழுகுவத்தி வெளிச்சமே.

இதனை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. 180 ஆண்டுகள் கடந்த பின்னரும், நம் அங்கத்தினர் ஒருவர் வீடு மாறும்போது அவரைத் திகைக்க வைப்பது விளக்கே. பண்டம் பாத்திரம் ஏற்ற வண்டி பேசுகிறோம். பால் காய்ச்ச நல்ல நாள் பார்க்கிறோம். மின் இணைப்பைப் பற்றி மட்டும் பால் பொங்கிய பிறகே நினைக்கிறோம். இவ்வழக்கம் மாற வேண்டும். அதை மாற்றும் பொறுப்பை ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் தனித்தனியே சுமத்தாமல், சங்கமே முன்வந்து ஏற்க வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

நம் கரையின் நிலை

தூத்துக்குடிக் கரைக்கு மின்சாரம் புதியதன்று. 1944-இல் பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர் மின்சாரம் தரத் தொடங்கியது. அங்கே சுழலிகளைச் சுழற்றிவிட்டு வரும் அதே ஆற்றுநீர்தான் கீழே இறங்கி, திருவைகுண்டம் அணைக்கட்டின் வழியாக நம் வாழைக்கும் நெல்லுக்கும் பாய்கிறது. பிறகு கடற்கரையிலேயே அனல்மின் நிலையம் எழுந்தது. 1979 முதல் 1992 வரையில், 210 மெகாவாட் திறனுடைய ஐந்து அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவப்பட்டு, மொத்தத் திறன் 1,050 மெகாவாட் ஆயிற்று. 2015-இல், 500 மெகாவாட் அலகுகள் இரண்டினைக் கொண்ட மற்றொரு நிலையமும் இயங்கத் தொடங்கியது. இவற்றுக்கு வேண்டிய நிலக்கரி கப்பலில் வந்து நம் துறைமுகத்திலேயே இறங்குகிறது. நாட்டுக்கெல்லாம் ஒளி அனுப்பும் இந்தக் கரையில், குடிபெயர்ந்து வந்த குடும்பம் ஒன்று இருட்டில் உட்கார்ந்திருப்பது நமக்குப் பெருமை தருவதன்று.

குடிபெயர்தலும் இக்கரைக்குப் பழக்கமானதே. முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் கடலோரத்தில் ஓலைக் குடிசைகள் வரிசையாக எழும். பருவம் முடிந்ததும் கலைந்துவிடும். கையில் ஓர் எண்ணெய் விளக்கை எடுத்துக்கொண்டால் அடுத்த ஊரிலும் அதுவே எரியும். 1961-உடன் அந்த முத்துக்குளிப்புப் பருவங்கள் முடிந்தன. இன்று துறைமுக வேலைக்காகவும், உப்பள வேலைக்காகவும், புதியம்புத்தூர்த் தையல் தொழிலுக்காகவும், பிள்ளைகளின் படிப்புக்காகவும் மக்கள் இடம் மாறுகிறார்கள். ஆனால் இன்றைய விளக்கைக் கையில் எடுத்துச்செல்ல முடியாது. மின் இணைப்பு மனிதரோடு வருவதன்று, கட்டடத்தோடு நிற்பது. அதன் சலுகையும் அங்கேயே நிற்கிறது. அதன் கடனும் அங்கேயே நிற்கிறது. இந்த ஓர் உண்மையை மறந்துவிடுவதனால்தான் நம்மவர்க்குத் தொல்லைகள் பலவும் வருகின்றன.

சொந்த அனுபவம் ஒன்று

என் அனுபவத்தையே சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மகனுக்குத் துறைமுகப் பக்கம் வேலை அமைந்ததனால், ஊரிலிருந்த சட்டத்தறியைப் பிரித்து எடுத்துக்கொண்டு, நகரத்தின் புறத்தே ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தார். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டவர் மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விளக்குகள் எரிந்தன, மின்விசிறி சுழன்றது, எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை லைன்மேன் ஒருவர் வந்து பியூஸைப் பிடுங்கினார். தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய சேலைக்குப் பாவு தறியில் ஏறியிருந்தது. நான் பதறிப்போய், வந்து இரண்டு வாரங்கூட ஆகவில்லையே என்றேன். அவர் பொறுமையாகவே விடை சொன்னார்: "அண்ணாச்சி, இது உங்கள் பாக்கி அன்று, ஆனால் உங்கள் வீட்டு இணைப்பின் பாக்கி."

முன்பு குடியிருந்தவர் கடைசிக் கட்டணத்தைச் செலுத்தாமல் போயிருந்தார். எச்சரிக்கைச் செய்தி கைப்பேசிக்கு அனுப்பப்பட்டிருந்தது உண்மையே. ஆனால் யாருடைய கைப்பேசிக்கு? இணைப்பில் பதிவாகியிருந்த எண் அந்தப் பழைய குடித்தனக்காரருடையது. அவர் வேறு ஊரில் வேறு வீட்டில் வேறு விளக்கின் கீழ் இருந்தார். நான் அவருடைய பாக்கியையும் மறு இணைப்புக் கட்டணத்தையும் கட்டி, விளக்கை மீட்பதற்குள் இரண்டு பகலும் ஓர் இரவும் போயின. பிறகு வீட்டுக்காரர் அத்தொகையை வாடகையில் கழித்துக்கொள்ள இசைந்தார் என்றாலும், நின்றுபோன தறிக்கு ஈடு சொல்வார் ஒருவருமில்லை.

தவறு யாருடையது? லைன்மேன் தம் கடமையைச் செய்தார். முன்னவர் பொறுப்பில்லாமல் போனார். வீட்டுக்காரர் கவனியாமல் விட்டார். ஆயினும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தப்பியிருக்கக்கூடிய இழப்பை நானே தேடிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முன்பணத்துக்கு முன்

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்னரே பார்க்க வேண்டியவை சில உண்டு. மாடு வாங்குகிறவர் பல்லைப் பார்ப்பது போல, வீடு பிடிக்கிறவர் மீட்டரைப் பார்க்க வேண்டும்.

இணைப்பு எண் என்ன, அது யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பல வீடுகளில் இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே இணைப்பு நின்றுகொண்டிருக்கும். அடுத்து, கடைசியாகக் கட்டணம் செலுத்திய ரசீதைப் பாருங்கள். இணைப்பு எண் தெரிந்தால் நிலுவை உண்டா இல்லையா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலோ, இணையத்திலோ சில நிமிடங்களில் தெரிந்துகொள்ளலாம். மூன்றாவதாக, குடிபுகும் நாளில் மீட்டர் காட்டும் அளவைக் குறித்து, இரு தரப்பாரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதும் நன்று. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருவதனால், கணக்கின் நடுவே குடிபுகுந்தவர் முன்னவர் எரித்ததற்கும் சேர்த்துக் கட்ட நேரிடும். நான்காவதாக, இணைப்பில் பதிவான கைப்பேசி எண்ணை மாற்றச் சொல்லுங்கள். ஐந்தாவதாக, அந்த இணைப்பு வீட்டு உபயோக வகையைச் சேர்ந்ததா, கடை வகையைச் சேர்ந்ததா என்று கேளுங்கள். முன்பு கடையாக இருந்த அறையைக் குடியிருப்பாக மாற்றி வாடகைக்கு விடும் இடங்களில், வகையை மாற்றாமலே விட்டிருப்பார்கள். அதிகக் கட்டணம் உங்கள் தலையில் விழும்.

சொந்தமாக வீடு வாங்குகிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கிரயப் பத்திரம் பதிந்தால் வீடு கைக்கு வந்துவிடும். இணைப்பு தானாகப் பெயர் மாறிவிடாது. அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். மின்வாரியத்தில் செலுத்தப்பட்டிருக்கும் வைப்புத்தொகை பழைய உரிமையாளருடையது. அதை உங்கள் பெயருக்கு மாற்ற அவருடைய சம்மதம் வேண்டும். பணம் கைமாறும் நாளிலேயே அச்சம்மதக் கடிதத்தையும் வாங்கிக்கொள்வது எளிது. பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது அரிது.

சட்டம் தரும் உரிமையும் சுமத்தும் கடனும்

நம்மவர் பலர் மின் இணைப்பை யாரோ இரங்கிக் கொடுக்கும் தானம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, ஓர் இடத்தின் உரிமையாளரோ, அங்கே குடியிருப்பவரோ விண்ணப்பித்தால், ஒரு மாதத்துக்குள் மின்சாரம் வழங்க வேண்டும் என்று கடமை விதிக்கிறது. புதிய கம்பிப்பாதை இழுக்க வேண்டிய இடங்களில் மட்டும் கால நீட்டிப்பு உண்டு. 2020-இல் மத்திய அரசு வகுத்த நுகர்வோர் உரிமை விதிகள், 2024-இல் திருத்தப்பட்டபோது இக்காலத்தை இன்னும் சுருக்கின. விண்ணப்பம் முழுமையாக இருந்தால், பெருநகரங்களில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாள் என்பது உச்சவரம்பாயிற்று.

உரிமையாளர் மட்டுமல்லாமல் குடியிருப்பவரும் கேட்கலாம் என்று சட்டம் சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தரவில்லை என்பதற்காகக் குடித்தனக்காரருக்கு மின்சாரத்தை மறுக்கலாகாது என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகக் கூறியது. நம் மாநிலத்து மின்பகிர்மான விதித்தொகுப்பும், உரிமையாளர் சம்மதம் கிடைக்காதபோது, சட்டப்படி குடியிருப்பதற்கான சான்றும் இழப்பீட்டு உறுதிப் பத்திரமும் கொடுத்து, வைப்புத்தொகையை இரு மடங்காகச் செலுத்தி இணைப்புப் பெற வழி வைத்திருக்கிறது. வீட்டுக்காரரோடு மனத்தாங்கல் வந்தால் அவர் மின்சாரத்தை நிறுத்திவிடுவாரோ என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், அவ்வாறு இன்றியமையாத வசதிகளை நிறுத்துவதைத் தடை செய்கிறது.

இவை உரிமைகள். இனிக் கடனைப் பார்ப்போம். வீட்டை வாங்கினவர், முந்தைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன மின்கட்டணப் பாக்கிக்குத் தாம் பொறுப்பல்லர் என்று வாதிடலாம். கேட்பதற்கு அது நியாயமாகவும் தோன்றும். ஆனால் 2023 மே மாதத்தில் கே. சி. நினன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு விதமாக முடிவு சொன்னது. பழைய பாக்கியைத் தீர்த்தால்தான் அந்த இடத்துக்கு இணைப்பு என்று மின்வழங்கு விதிகள் கூறுமானால், அந்த நிபந்தனை செல்லும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஏலத்தில் இடம் வாங்கியவர்களும் இதனால் பாதிக்கப்பட்டனர். வில்லங்கச் சான்றில் எழுதப்படாத வில்லங்கம் ஒன்று மீட்டர்ப் பெட்டிக்குள் இருக்கக்கூடும் என்பதை வீடு வாங்குவோர் மறக்கலாகாது.

கட்டணம் செலுத்தாத இணைப்பைத் துண்டிக்குமுன் முழுமையாக 15 நாளுக்குக் குறையாமல் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும் என்பதும் அதே 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56-ஆம் பிரிவில் உள்ளதே. அறிவிப்பு வந்து சேர்வதற்குச் சரியான பெயரும் முகவரியும் எண்ணும் நாம் கொடுத்திருக்க வேண்டும். பெயரை மாற்றாதவர் தம் உரிமையைத் தாமே பூட்டி வைத்தவர் ஆகிறார்.

நெசவாளர் இழக்கும் சலுகை

சலுகையும் இணைப்போடு நிற்கிறது என்றேன். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்க 2016 மே மாதத்தில் அரசு ஆணையிட்டது. கைத்தறி நெசவாளர்க்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம், 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. விசைத்தறிக்கு 750 என்றிருந்தது 1,000 ஆயிற்று. இவை யாவும் இணைப்பைக் கணக்கிட்டு வழங்கப்படுவன. தறியைப் பெயர்த்துப் புது வீட்டில் ஊன்றினால், சலுகை தானே நடந்து வந்து சேராது. புது இணைப்புக்கு அதை மாற்றித் தரும்படி மின்வாரியத்திலும் கைத்தறித் துறை அலுவலகத்திலும் உடனே எழுதிக் கேட்க வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு கணக்கெடுப்பைத் தவறவிட்டால், அந்த 300 யூனிட் போனது போனதுதான்.

வாடகை வீடுகளில் நடக்கும் மற்றொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே இணைப்பிலிருந்து மூன்று நான்கு குடும்பங்களுக்குக் கம்பி பிரித்து, உள் மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் தாமே விலை வைத்து வாங்கும் வழக்கம் அது. இதில் குடித்தனக்காரர் இழப்பது எவ்வளவு என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று குடும்பங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மாதத்தில் 90 யூனிட் எரிப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனி இணைப்பு இருந்தால் மூன்று குடும்பமும் அந்த 100 யூனிட் வரம்புக்குள் அடங்கும். ஒரே இணைப்பில் சேர்த்தால் 270 யூனிட் ஆகிறது; 100 போக 170 யூனிட்டுக்குக் கட்டணம் விழுகிறது. அதற்கு மேல் வீட்டுக்காரர் தாம் வைத்த விலையில் 270-க்கும் வசூலித்தால், அரசு ஏழைக்குக் கொடுத்தது வழியிலேயே நின்றுவிடுகிறது. எல்லா வீட்டுக்காரரும் இப்படிச் செய்பவர் அல்லர். ஆனால் செய்பவரிடம் கேட்கும் துணிவு தனியாக நிற்கும் குடித்தனக்காரருக்கு வருவதில்லை.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை

நம் வாழை விவசாயிகளும் பருத்தி விவசாயிகளும் தோட்டத்திலேயே புது வீடு கட்டிக் குடிபோகிறார்கள். அங்கே பம்புசெட் இருக்கிறது. அதற்கு மின்சாரமும் இருக்கிறது. விவசாயப் பம்புசெட்டுகளுக்குக் கட்டணமில்லா மின்சாரம் என்பது 1990-களின் தொடக்கம் முதல் நம் விவசாயிகள் அனுபவித்து வந்த சலுகை. கைக்கெட்டும் தூரத்தில் கம்பி இருக்கும்போது வீட்டுக்கு ஒரு விளக்குப் போட்டுக்கொண்டால் என்ன என்று மனம் நினைக்கும். நினைக்க வேண்டா என்று வற்புறுத்திச் சொல்லுகிறேன். ஒரு காரியத்துக்கென்று பெற்ற மின்சாரத்தை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துவது, மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகம். அதற்குரிய கட்டணத்தை இரு மடங்காக விதிப்பார்கள். எப்போது தொடங்கியது என்று கண்டறிய முடியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். வீடு கட்டும் வேலைக்கும் இது பொருந்தும். கலவை இயந்திரத்துக்கும் தண்ணீர் தெளிக்கும் மோட்டாருக்கும் முறைப்படி தற்காலிக இணைப்புப் பெற்றே வேலையைத் தொடங்க வேண்டும்.

அபராதத்தை விடவும் பெரிது உயிர். வாழைத் தோப்பின் ஈர மண்ணில், மூங்கில் கம்புகளில் தொங்கவிட்ட கம்பியால் வீட்டுக்கு ஒளி கொண்டுவருவது, பாம்பைக் கயிறாக எண்ணிக் கட்டிவைப்பதற்கு ஒப்பாகும்.

உப்புக் காற்றும் எர்த்தும்

நம் கரைக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. உப்புக் காற்று இரும்பைத் தின்னும், செம்பையும் பச்சையாக்கும். உள்நாட்டில் பல ஆண்டு நிற்கும் மீட்டர்ப் பெட்டி இங்கே சில ஆண்டுகளிலேயே துருவேறிப் போகிறது. வெளியே தெரியும் துருவை வண்ணம் பூசி மறைக்கலாம். மண்ணுக்குள் இருக்கும் எர்த் குழாயும் அதனோடு கம்பியைச் சேர்க்கும் முடுக்கும் அரித்துப்போயிருப்பதை யார் காண்பார்? எர்த் அறுந்த வீட்டிலும் விளக்கு நன்றாகவே எரியும். ஒரு நாள் இரும்பு அலமாரியைத் தொடும்போதோ, நனைந்த கையால் மோட்டாரைத் தொடும்போதோ தான் உண்மை வெளிப்படும். ஆகவே குடிபுகுமுன் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு எர்த்தைச் சோதிக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் இமைப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்த வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவி வீடுகளுக்கு ஏற்றது. தறியும், தார் சுற்றும் சிறு மோட்டாரும், குழந்தைகளும் ஒரே கூடத்தில் இருக்கும் நம் வீடுகளில் இது ஆடம்பரமன்று.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இக்கரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் நீரில் மூழ்கின. வீடு இழந்து வேறு வீடு தேடியவர் பலர். வெள்ளம் வடிந்த வீட்டிலோ, நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டிலோ குடிபுகுகிறவர்கள், சுவிட்சைப் போட்டுப் பார்த்துச் சோதிக்கலாகாது. சுவர் உலர்ந்து, வயரிங்கைச் சோதித்த பிறகே மெயினை ஏற்ற வேண்டும்.

இது சங்கத்தின் வேலையா?

இவ்வளவும் கேட்ட பின், "நூலும் துணியும், உரமும் கடனும் சங்கத்தின் வேலை, வீட்டு விளக்குமா சங்கத்தின் வேலை?" என்று சில நிர்வாகஸ்தர்கள் கேட்கக்கூடும். மரியாதையோடு விடை சொல்லுகிறேன். மில் தொழிலாளிக்கு வேலையிடம் வேறு, வீடு வேறு. நெசவாளிக்கு வீடே தொழிற்சாலை. அவன் வீட்டில் விளக்கு அணைந்தால் சங்கத்தின் உற்பத்தி அணைகிறது. இரண்டு நாள் என் தறி நின்றபோது, சங்கத்தின் தீபாவளிக் கணக்கிலும் அது குறைவாகத்தான் விழுந்தது.

இரண்டாவது விடை இன்னும் முக்கியமானது. நம் சங்கங்கள் எதற்காகத் தோன்றின? நூல் வியாபாரிக்கும் நெசவாளிக்கும் இடையிலும், சந்தைக்கும் விவசாயிக்கும் இடையிலும் நின்ற தரகரை நீக்கத் தோன்றின. அங்கே தரகரை நீக்கிவிட்டு, மின் இணைப்புக்கு மட்டும் "நான் முடித்துத் தருகிறேன்" என்று வரும் தரகரை நாமே வீட்டுக்குள் அழைத்து உட்காரவைக்கிறோம். வைப்புத்தொகை எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று தெரியாத காரணத்தால் அவர் கேட்டதைக் கொடுக்கிறோம். ரசீதும் கேட்பதில்லை. அறியாமை இருக்கும் இடமெல்லாம் தரகர் பிறக்கிறார். அறியாமையைப் போக்குவது சங்கத்தின் வேலை அன்றென்றால், வேறு எது அதன் வேலை?

மின்சாரமும் கூட்டுறவும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. அமெரிக்க நாட்டில் 1930-களின் நடுப்பகுதியில் பத்துப் பண்ணைகளுக்கு ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. கம்பெனிகள் ஆதாயமில்லை என்று கைவிட்ட கிராமங்களுக்கு, 1935-இல் அமைக்கப்பட்ட கிராம மின்மய நிர்வாகத்தின் கடனுதவியோடு, விவசாயிகளே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கம்பி இழுத்துக்கொண்டனர். அவ்வளவு தொலைவு போவானேன்? தெலங்கானாவில் சிர்சில்லா என்னும் ஊர் நம்மைப் போன்ற நெசவாளர் நிறைந்த ஊர். அங்கே 1970-இல் ஏற்பட்ட கூட்டுறவு மின்வழங்கு சங்கம் தறிகளுக்கும் வயல்களுக்கும் வீடுகளுக்கும் மின்சாரம் பகிர்ந்தளிக்கும் பணியை மேற்கொண்டது. நம் சங்கம் கம்பம் நட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விண்ணப்பத்தை நிரப்பித் தந்தால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

செய்யத்தக்கவை

சங்கம் மேற்கொள்ளத்தக்க ஐந்து காரியங்களைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவது, அங்கத்தினர் ஒவ்வொருவருடைய இணைப்பு எண், அது நிற்கும் பெயர், கட்டண வகை, பதிவான கைப்பேசி எண் ஆகியவற்றைக் குறித்த ஓர் ஏடு சங்கத்தில் இருக்க வேண்டும். அவரவர் இசைவோடு எழுதி, ஆண்டுக்கொரு முறை சரிபார்த்தால் போதும்.

இரண்டாவது, மாதத்தில் இரண்டு நாள், படித்த இளைஞர் ஒருவர் சங்கத்தில் உட்கார்ந்து, புது இணைப்பு, பெயர் மாற்றம், வகை மாற்றம், நெசவாளர் சலுகை மாற்றம் ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களை இணையத்தில் நிரப்பித் தர வேண்டும். இதற்கு ஒரு சிறு ஊதியத்தைச் சங்கம் கொடுக்கலாம். தரகருக்குப் போவதில் அது ஒரு சிறு பங்காகத்தான் இருக்கும்.

மூன்றாவது, வாடகை ஒப்பந்தத்தோடு இணைக்க ஒரு பக்கக் கடிதம் ஒன்றை அச்சிட்டு வைக்க வேண்டும். குடிபுகும் நாள் மீட்டர் அளவு, நிலுவை இல்லை என்ற உறுதி, யூனிட் விலை, எச்சரிக்கை செல்ல வேண்டிய எண் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும்.

நான்காவது, வைப்புத்தொகைக்கும் வயரிங் பழுதுக்கும் எர்த் சோதனைக்கும் சிறு கடன் தர வேண்டும். பயிருக்குக் கடன், தறிக்குக் கடன் என்று கொடுக்கிறோம். அவற்றைக் காக்கும் விளக்குக்குக் கொடுப்பதில் தவறில்லை.

ஐந்தாவது, நியாயமான விண்ணப்பம் காலம் கடந்தும் கிடப்பில் இருந்தால், தனி மனிதர் அலைவதற்குப் பதிலாகச் சங்கத்தின் காரியதரிசியே எழுத வேண்டும். மின்சாரச் சட்டம் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றத்தையும், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளரையும் வைத்திருக்கிறது. அக்கதவுகளைத் தட்டுவதற்கு வழக்கறிஞர் வேண்டுவதில்லை. தெளிவாக எழுதிய கடிதமும் சேர்த்து வைத்த ரசீதுகளும் போதும்.

இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். அங்கத்தினர்கள் இதை ஆராய்ந்து, குறையிருந்தால் திருத்தி, நிறையிருந்தால் ஆதரிக்க வேண்டுகிறேன். அதுவரையிலும் வீடு மாறவிருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரே வேண்டுகோள்: சாவியை வாங்குமுன் கடைசி மின்ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.